பதினொரு சிவப்பு வரிகள்

அவள் வருகிற அன்றைக்கு நான் வேண்டுமென்றே லீவு போட்டேன். தலைவலி என்று பெரிய கிளாக்கருக்குச் சொல்லியனுப்பினேன். தலை ஒன்றும் வலிக்கவில்லை. கொழும்பிலிருந்து கம்பனி அனுப்புகிற ஆளை வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து தோட்டத்து வானில் ஏற்றிக்கொண்டு வந்து ஆபீஸ் வாசலில் இறக்குவார்கள். அதை ஜன்னலில் நின்று பார்க்க என்னால் முடியாது, அவ்வளவுதான் விஷயம். யாரோ வெளியாள் என்றால் பரவாயில்லை. வரப்போகிறவள் இதே தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு அடுத்த லயத்தில் பிறந்தவள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என் கொப்பியைப் பார்த்துக் கணக்குச் செய்தவள்.

பார்த்துச் செய்தவள் என்பதை அழுத்தியே சொல்கிறேன். ஓ.எல். பரீட்சையில் அவளைவிட இரண்டு பாடத்தில் எனக்கு நல்ல பெறுபேறு. அதை வைத்துத்தான் தோட்டத்து ஆபீஸில் எனக்கு வேலை கிடைத்தது. லயத்திலிருந்து போய் அந்த ஆபீஸில் நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் நான். அவள் கொழும்பில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கப் போனாள். அவள் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிய காலையில் எனக்குப் பரிதாபமாக இருந்தது. பரிதாபம் மட்டும்தானா என்று இப்போது கேட்டால், உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது என்பதையும் ஒப்புக்கொள்வேன்.

அந்த வீட்டு அம்மா நல்லவராக இருந்து தொலைத்தார். பின்னேரங்களில் அவளைக் கம்பியூட்டர் வகுப்புக்கு அனுப்பியிருக்கிறார். சில வருடத்தில் அவள், கம்பனிகளுக்குக் கம்பியூட்டர் புரோகிராம் செய்து கொடுக்கிற ஓர் இடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று அவளுடைய அம்மா லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தார். எங்கள் வீட்டுக்கும் வந்து சொன்னார். "ரொம்பச் சந்தோசம் அத்தே," என்று சொல்லிவிட்டு உள்ளே போய், ஏற்கனவே கழுவி வைத்த பாத்திரங்களை மறுபடியும் கழுவினேன்.

நான் மட்டும் என்ன, சும்மாவா இருந்தேன்? தோட்டங்களைக் கம்பனிகள் பொறுப்பெடுத்து மூன்று நான்கு வருடம் கழித்து, தொண்ணூறுகளின் நடுவில், எங்கள் ஆபீஸுக்கும் ஒரு கம்பியூட்டர் வந்தது. அதற்கென்று தனி அறை. ஜன்னலுக்குத் திரைச்சீலை. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருடமாக ஆள் வரவைப் புத்தகத்தில் எழுதியவர். முதல் நாள் அவர் ஒரு விசையைத் தட்ட, அது கீச்சென்று கத்தியது. "பிள்ளை, உந்தச் சனியனை நீரே பாரும்," என்று எழுந்துவிட்டார். அன்றைக்கு உட்கார்ந்தவள் பத்து வருடம் எழும்பவில்லை.

கறுப்புத் திரை, பச்சை எழுத்து. மவுஸ் கிடையாது, படம் கிடையாது. ஒன்று முதல் ஒன்பது வரை ஒரு பட்டியல் வரும். இலக்கத்தைத் தட்டினால் அதற்குள் இன்னொரு பட்டியல். எந்த இடத்தில் எந்த விசை, எதை இரண்டு தடவை தட்ட வேண்டும், எதைத் தட்டினால் அன்றைக்குப் போட்டதெல்லாம் அழிந்துபோகும் என்பதெல்லாம் எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு தாளில் எழுதி வைக்கும்படி, தோட்டத்தை நடத்துகிற துரை இரண்டு தரம் சொன்னார். நான் எழுதவேயில்லை. எழுதினால் யாரும் படித்துவிடுவார்களே. அந்தத் திரையில் ஆட்களுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். தோட்டத்து நம்பர் அத்தனையும் எனக்கு மனப்பாடம். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால்கூட எதிர் வரிசை எனக்கு நம்பர் நம்பராகத்தான் தெரியும். அவளுடைய அம்மா நானூற்றுப் பதினேழு.

மலையில் 'பேர்' என்றால் ஒரு நாள் வேலை. அன்றைக்குப் பறிக்க வேண்டிய அளவு கொழுந்து பறித்தால் முழுப்பேர் விழும். ஒரு கிலோ குறைந்தாலும் அரைப்பேர். அரைப்பேராகவே விழுந்துகொண்டிருந்தால், இந்த ஆளுக்கு இனி ஏலாது என்று பதிவிலிருந்தே பேரை வெட்டிவிடுவார்கள். பேர் போனால் வேலையோடு முடியாது. குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் தோட்டத்தில் பேர் உள்ளவர்களுக்குத்தான்.

இதற்காகவே எங்கள் மலையில் கைமாத்துக் கொழுந்து என்று ஒரு வழக்கம் இருந்தது. காய்ச்சலோடு மலைக்கு வந்தவள், வயிற்றுப் பிள்ளைக்காரி, கை வலிக்காரி, இவர்களுக்கு அன்றைக்கு நாலைந்து கிலோ குறையும். பக்கத்து நிரையில் நின்று கூடுதலாகப் பறித்தவள் தன் நிறையிலிருந்து அதைக் கொடுப்பாள். நாளைக்கு இவளுக்கு முடியாவிட்டால் அவள் கொடுப்பாள். சாக்கிலிருந்து சாக்குக்குக் கொட்ட முடியாது. மலைக்குப் பொறுப்பான கண்டாக்கையா நிறுவை நேரத்தில் கண்ணை விரித்துக்கொண்டு நிற்பார். ஆகவே கடைசி நிறுவை முடிந்ததும், கொழுந்துக் கணக்கு எழுதுகிற கணக்கப்பிள்ளையின் காதில் போட்டுவிடுவார்கள். அவர் தன் பொக்கட் புத்தகத்தில் ஒரு நம்பரிலிருந்து இன்னொரு நம்பருக்குச் சின்னதாக ஓர் அம்புக்குறி கீறுவார். பின்னேரம் அந்தப் புத்தகம் என்னிடம் வரும். காலை, பகல், பின்னேரம் என்று மூன்று நிறுவையையும் பென்சிலால் கூட்டி, அம்புக்குறிப்படி இங்கே கழித்து அங்கே சேர்த்து, மொத்தத்தைத் திரையில் போடுவேன். பச்சைத் திரை கேட்பது மொத்தம் மட்டும்தான். தோட்டத்துக் கொழுந்தில் ஒரு கிலோ கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. துரைக்கு இது தெரியாது. பெரிய கிளாக்கருக்குத் தெரியும், ஆனால் கேட்டால் தெரியாது.

அவளுடைய அம்மாவுக்கு வலது மணிக்கட்டு வீங்கி அப்போது இரண்டு வருடமாகியிருந்தது. கிழமையில் நாலு நாளாவது நானூற்றுப் பதினேழை நோக்கி ஓர் அம்புக்குறி இருக்கும். புருசன் போய்ச் சேர்ந்துவிட்டார், வேறு பிள்ளை இல்லை. அவர்களுடைய காம்பரா அந்த அம்மாவின் பேரில்தான் நின்றது. மகளோ கொழும்பில் நாலு பெண்களோடு ஓர் அறையில் போர்டிங். அம்மாவை எங்கே கூட்டிப்போய் வைப்பாள்? கை வலியை மகளிடம் சொல்லவே இல்லை என்று ஒருநாள் என் ஜன்னலுக்கு வந்தபோது அத்தை சொன்னார். ஆக, எல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று பிறகு நான் சொல்லிக்கொள்ள வழியில்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருடம் கழித்து, பழைய புரோகிராமுக்குப் புது முகம் வைக்கப்போவதாகக் கம்பனியிலிருந்து கடிதம் வந்தது. உள்ளே இருப்பதெல்லாம் அப்படியே இருக்குமாம். மேலே திரை மட்டும் புதிதாம். இனி யாரும் சுலபமாகப் பழகலாமாம். அந்த 'யாரும்' எனக்குச் சுருக்கென்றது. பெரிய கிளாக்கர் கடிதத்தை மடித்துக்கொண்டே, "புதுசு சரிவந்தால் கணக்கப்பிள்ளைமார் நேரடியாவே பதிவினமாம். உம்மைப் பக்டரிக்கு மாத்தப் போறதா ஒரு கதை," என்றார். பக்டரியில் எனக்கு என்ன வேலை இருக்கும்? தேயிலை மூட்டைகளை எண்ண வேண்டும், தூசுக்குள்ளும் இரைச்சலுக்குள்ளும் நின்றபடியே. புதுத் திரை வைக்க வருகிற ஆள் யார் என்று கேட்டேன். அவர் பெயரைச் சொன்னார்.

லீவு முடிந்து போனபோது அவள் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றவில்லை. என்னைக் கண்டதும் துள்ளி எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, தலவலி எப்புடி இருக்கு? நேத்து முழுக்க ஒன்னையத்தான் தேடுனேன்."

"இருக்கு," என்றேன்.

முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். அது அவளுக்கு எடுப்பாக வேறு இருந்தது. துரையோடு இங்கிலீஷில் பேசினாள், டிரைவரோடு சிங்களத்தில் பேசினாள், என்னோடு பேசும்போது மட்டும் லயத்துப் பேச்சு. அதுவும் எனக்கு ஆகவில்லை. எனக்காக இறங்கி வருகிறாளோ என்று தோன்றியது. ஒரு கிழமை என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நான் என்ன தட்டுகிறேன், ஏன் தட்டுகிறேன் என்று ஒரு கொப்பி நிறைய எழுதினாள். பொக்கட் புத்தகம் அவள் கண்ணில் படவில்லை, முன்கூட்டியே கூட்டி எழுதிய மொத்தத்தைப் பார்த்துத்தான் தட்டுவேன். "அடியாத்தி, பாக்காமலே அடிக்கிறியே!" என்றாள். ஒரு நிமிடம் எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த நிமிடம், கொழும்பிலிருந்து வந்தவள் தோட்டத்துக்காரியைத் தட்டிக்கொடுக்கிறாள் என்று கோபம் வந்தது.

கொப்பி முடிகிற கட்டத்தில்தான் அதைக் கேட்டாள். நன்றாக ஞாபகம் இருக்கிறது. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது, பெரிய கிளாக்கர் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார்.

"இந்தக் கைமாத்தெல்லாம் இன்னும் நடக்குதா? சின்னதுல எங்கம்மா நெறையப் பேருக்குக் குடுப்பாங்க. அது இதுக்குள்ள எங்கயாச்சும் வருதா?"

"அதெல்லாம் எந்தக் காலத்துல! இப்ப கண்டாக்கையா விடுவாரா?" என்றேன்.

"அதானே," என்று கொப்பியில் ஒரு கோடு கிழித்தாள். அவ்வளவுதான். வேறு யாரிடமும் கேட்கவில்லை. நான் சொன்னால் அவளுக்கு அது சரியாகத்தான் இருக்கும். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே அப்படித்தான்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு அழகான காரணமெல்லாம் இல்லை. புதுத் திரையும் பழைய திரையும் பதினைந்து நாள் பக்கத்தில் பக்கத்தில் ஓட வேண்டும், கடைசியில் இரண்டு பட்டியலும் ஒத்துவர வேண்டும், வந்தால்தான் பழையதை மூடுவது என்பது கம்பனியின் ஏற்பாடு. அவள் கண்டாக்கையா கையெழுத்துப் போட்ட நிறுவைத் தாளைப் பார்த்துப் போடுவாள். நான் பொக்கட் புத்தகத்தைப் பார்த்துப் போடுவேன். அவளுடைய தாளில் அம்புக்குறி இராது. கடைசி நாளில் இரண்டும் ஒத்துவராது. பத்து வருடம் பிழையே விடாத என் பச்சைத் திரையை நம்புவார்களா, நேற்று வந்த அவளுடைய திரையை நம்புவார்களா? அவளுக்கு மூக்குடைபடும், எனக்கு நாற்காலி மிஞ்சும். அரைப்பேர் விழுகிறவர்களுக்கு ஒன்றும் ஆகாது, அதுதான் புதியதை ஓரங்கட்டிவிடுவார்களே என்று எனக்கு நானே காதில் பூ சுற்றிக்கொண்டேன். நானூற்றுப் பதினேழை நான் மறந்துவிடவில்லை. மறந்துவிட்டேன் என்றால் இதை எழுதுவதில் ஒரு பிரயோசனமும் இல்லை.

புதுத் திரையை அவள் திறந்து காட்டிய அன்று என் பொச்சரிப்பு எல்லை கடந்தது. வெள்ளைத் திரை. மூன்று நிறுவைக்கும் மூன்று பெட்டி, நீலக் கரை போட்டு. தட்டினால் தானே கூட்டிக்கொள்ளும். குறைந்தவர்களைக் கடைசிப் பட்டியல் எடுக்கும்போது சிவப்பு வரியாகக் காட்டி, தானே அரைப்பேர் போட்டுவிடும். அதுகூடப் போகட்டும். நம்பருக்குப் பக்கத்தில் ஆளின் பெயர் தமிழில் இருந்தது. பெயருக்குப் பக்கத்தில் படம். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் வரிசையாக நிறுத்தி எல்லாரையும் அவளே படமெடுத்திருந்தாள், கூடை, மழைக்குப் போர்த்துகிற கொங்காணி எல்லாம் அப்படியே.

செய்தி எப்படிப் போனதோ தெரியாது, பின்னேரம் ஆபீஸ் ஜன்னலில் பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்துகொண்டு நின்றார்கள். "எம்படம் எங்க புள்ள?" "ஐயையோ, எம்பேரு தமிழ்ல வருதுடி!" பத்து வருடம் அந்த ஜன்னலுக்கு வந்து நம்பரைச் சொல்லிவிட்டு நின்ற பெண்கள்தான். என் திரையை எட்டிப் பார்க்க ஒருத்திக்கும் தோன்றியதில்லை. எட்டிப் பார்த்திருந்தாலும் நான் விட்டிருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம். அவளுடைய அம்மா கூட்டத்தின் நடுவில், வலது கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு, திரையைப் பார்க்காமல் மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். என் அம்மாவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். தன் படத்தைக் கண்டு சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து, "என்ன கெட்டிக்காரப் புள்ள!" என்றார். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

அவள் அந்த நாட்களில் அம்மாவோடு காம்பராவில்தான் தங்கியிருந்தாள். அம்மாவின் கை அவளுக்குத் தெரியவராதா என்று நான் ஒவ்வொரு காலையும் அவள் முகத்தைப் பார்ப்பேன். தெரியவில்லை. அவள் காலையில் வந்தால் இருட்டும் வரைக்கும் ஆபீஸ்தான். அத்தையும் குளிருக்குப் போர்த்திய துண்டை எடுக்கமாட்டார் போலும். பதினைந்து நாளும் என்னிடம் வந்த பொக்கட் புத்தகத்தில் அம்புக்குறிகள் வந்துகொண்டேயிருந்தன. பதினோராவது நாளோ பன்னிரண்டாவது நாளோ கணக்கப்பிள்ளை புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, "அந்தப் புள்ளகிட்ட இதச் சொல்லிட்டீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். "எல்லாம் சொல்லியாச்சு," என்றேன். பொய் சொல்லத் தொடங்கினால் அடுத்தடுத்ததற்கு யோசிக்கவே தேவைப்படுவதில்லை.

பட்டியல் எடுக்கிற அன்று துரை தானே ஆபீஸுக்கு வந்து உட்கார்ந்தார். தன் கண் முன்னால்தான் இரண்டையும் எடுக்க வேண்டும், முன்கூட்டி எடுத்துத் திருத்திவிட்டு வந்து காட்டக்கூடாது என்பது அவருடைய கட்டளை. என் பிரிண்டர் கிறீச்சென்று இழுத்து இழுத்து அடித்து முடித்தது. அவள் மவுஸை ஒரு தடவை சொடுக்கினாள். வெள்ளைத் திரையில் பெயர்கள் வரிசையாக இறங்கின. நடுநடுவே சிவப்பு. துரை என் தாளையும் அவள் திரையையும் விரலால் ஒத்துப் பார்த்துக்கொண்டே போனார். பதினொரு இடத்தில் விரல் நின்றது. என் தாளில் முழுப்பேர், அவள் திரையில் அரைப்பேர். பெரிய கிளாக்கர் ஜன்னல் பக்கம் திரும்பி மழை வருமா என்று பார்க்கத் தொடங்கிவிட்டார்.

துரை நாற்காலியைத் திருப்பி, ஆங்கிலத்தில் கேட்டார். நான் தமிழில் எழுதுகிறேன். "ஒன்று, உன் புதுத் திரை பொய் சொல்கிறது. இல்லாவிட்டால், இந்தப் பெண் இத்தனை வருடமாகப் பொய்யைப் பதிந்திருக்கிறாள். எது?"

எனக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது. அவளுக்கு மூக்குடைபடும் என்று மட்டும்தான் நான் யோசித்திருந்தேன். என் தாளையும் ஒருவர் சந்தேகப்படலாம் என்பது என் மூளைக்கு எட்டவேயில்லை. புதுசுதான் சரி என்று அவள் சொல்லிவிட்டால் எனக்கும் கணக்கப்பிள்ளைக்கும் அன்றோடு வேலை போகும். பதினொரு பெண்களின் பேரும் வெட்டுக்கு வந்து நிற்கும். மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் சிவப்பு வரிகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கிக்கொண்டு போனாள். ஏழாவதோ எட்டாவதோ வரியில் மவுஸ் நின்றது. அவளுடைய அம்மாவின் பெயர். பக்கத்தில் கொங்காணியோடு அவள் எடுத்த படம். பதினைந்து நாளில் பாதிக்கு மேல் அரைப்பேர். பிறகு குனிந்து, என் தாளில் நானூற்றுப் பதினேழைத் தேடி, அத்தனையும் முழுப்பேர் என்பதைப் பார்த்தாள். லயத்தில் வளர்ந்தவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையா? அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். கோபம் இருக்கும் என்று நினைத்துத்தான் நானும் பார்த்தேன். கணக்குப் பிழைத்தால் பள்ளிக்கூடத்தில் என் கொப்பியைப் பார்ப்பாளே, அந்த முகம்தான் அது.

"புதுசுதான் பிழை, சேர்," என்றாள்.

மூன்று நிறுவையையும் தனித்தனியாக வாங்கிக் கூட்டுகிற இடத்தில் தான் பிழையாக எழுதிவிட்டதாக ஆங்கிலத்தில் சொன்னாள். அந்தப் பெட்டிகளையே எடுத்துவிடுவதாகவும், பழையபடி நாள் மொத்தத்தை மட்டும் பதிவதுதான் பத்திரம் என்றும் சொன்னாள். குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. துரைக்கு முகம் சிவந்துவிட்டது. பதினைந்து நாள், வான், படப்பிடிப்பு, இத்தனையும் ஒரு கூட்டல் தெரியாதவளுக்காகவா என்று கேட்டார். எங்கள் எல்லார் முன்னாலும் கொழும்புக்கு போன் போட்டு, மற்றத் தோட்டங்களுக்கு இவளை அனுப்பவேண்டாம், வேறு ஆளைப் பாருங்கள் என்றார். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். 'யெஸ் சேர்', 'சொறி சேர்' என்ற இரண்டைத் தவிர வாயைத் திறக்கவில்லை.

நான் ஆசைப்பட்டது அப்படியே நடந்தது. அவளுக்கு மூக்குடைபட்டது, அதுவும் துரையின் கையால். பார்த்துக்கொண்டு நின்றேன். ஆனந்தப்பட ஒன்றுமே இல்லை.

துரை போனதும் பெரிய கிளாக்கரும் குடையை எடுத்துக்கொண்டு நழுவிவிட்டார். அறையில் நாங்கள் இருவரும்தான். ஏன் மறைத்தாய் என்று கேட்பாள், கத்துவாள், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்பாள் என்று காத்திருந்தேன். பதிலுக்கு என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். நீ கொழும்பில் இருந்துகொண்டு உன் அம்மாவின் கையைப் பார்த்தாயா என்று கேட்டிருப்பேன். அவள் அதற்கு இடமே தரவில்லை.

"மூணு பொட்டியும் தனித்தனியா இருந்தா, கண்டாக்கையா தாளோட வச்சுப் பாக்க ஒரு நிமிசம் போதும். அதான் எடுத்துர்றேன்," என்று திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மொத்தம் மட்டும் போடணும்னா, முன்ன மாதிரி யாராச்சும் பென்சிலால கூட்டித்தான் ஆகணும். அதக் கணக்கப்பிள்ளமாருக்கு விட ஏலாதுனு ரிப்போட்டுல எழுதிர்றேன். நீயே இரு."

"நானா?"

"வேற யாருக்குத் தெரியும்?"

கிண்டலாகச் சொன்னாளா, நிஜமாகச் சொன்னாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இரண்டு நாள் இருந்து மூன்று பெட்டியையும் எடுத்துவிட்டு ஒரே பெட்டி வைத்தாள். சிவப்பு நிறத்தையும் எடுத்துவிட்டாள். பெயரும் படமும் மட்டும் நின்றன. அதற்குப் பிறகு பட்டியல் எடுத்துப் பார்த்தோம், என் தாளோடு ஒன்றுவிடாமல் ஒத்துவந்தது. அவள் புறப்பட்ட அன்று தோட்டத்து வான் தரவில்லை. தகரப் பெட்டி போல ஒரு கம்பியூட்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மழைக்குள் ஸ்டேஷன் வரைக்கும் நடந்தே போனாள். நான் லீவு எதுவும் போடவில்லை, ஜன்னலில் நின்று கடைசி வரைக்கும் பார்த்தேன். அவளை அந்தப் புரோகிராம் கம்பனி வேலையை விட்டு நிறுத்தவில்லை, ஆனால் வெளியே எங்கும் அனுப்பாமல் வருடக்கணக்கில் உள்ளேயே வைத்திருந்தது என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

புதுத் திரையில் நான்தான் உட்கார்ந்தேன். பக்டரிக்கு மாற்றுகிற கதை அதோடு நின்றது. மவுஸைப் பிடிக்க எனக்கு இரண்டு கிழமை எடுத்தது. அது சுலபமாக இருந்தது என்பதுதான் எரிச்சல். பத்து வருடம் நான் விரல் நுனியில் வைத்திருந்த வித்தை அத்தனையையும் அவள் திரையில் தட்டுகிற நாலு சின்னப் படத்துக்குள் அடக்கியிருந்தாள். எங்கே கையை வைத்தாலும், இங்கே இவளுக்குக் குழம்பும் என்று முன்கூட்டியே யோசித்து, ஒரு சின்னக் குறிப்பு எழுதி வைத்திருந்தாள், தமிழில். ஒவ்வொரு குறிப்பையும் படிக்கப் படிக்க எனக்கு வயிறு எரிந்தது. நான் அவளுக்கு இப்படி ஒரு வரி எழுதி வைத்திருப்பேனா என்று நினைத்தால் இன்னும் எரிந்தது.

அவள் போய் ஒரு மாதம் இருக்கும். பகல் நிறுவைக்குக் கொழுந்தைப் போட்டுவிட்டு, அவளுடைய அம்மா ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார். கொங்காணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வலது கையில் துணி சுற்றியிருந்தார், இப்போது மறைக்கவில்லை. இடது கையை ஜன்னல் கம்பிக்குள் நுழைத்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியே எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

"மக எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் தாயி போச்சு," என்றார்.

சொல்லட்டும், கேட்டுக்கொள்வோம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"கைமாத்து விசயத்த நீதான் மொதல்லயே அதுக்கிட்ட எடுத்துச் சொன்னியாமே. அதுக்கு வெளங்கலயாம், அதுதான் தப்பாச் செஞ்சிருச்சாம். நீ மட்டும் தொரைக்கு முன்னால வாயத் தொறக்காம நின்னதாலதான் பதினோரு பேரோட பேரும் தப்பிச்சதாம். இல்லாட்டி எம்பேர வெட்டி, காம்பராவையும் பூட்டியிருப்பாங்க. ஒனக்கு எம்புட்டு நல்ல மனசு!"

அத்தையின் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. இல்லை அத்தே, அவள் கேட்டாள், நான்தான் மறைத்தேன் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் அதைச் சொன்னால், துரையிடம் பேச்சு வாங்கியதும் அவள், அம்மாவைக் காப்பாற்றியதும் அவள், என்னைக் காட்டிக்கொடுக்காமல் போனதும் அவள் என்று ஆகிவிடும். இந்தத் தோட்டத்தில் நல்லவள் என்ற பேரும் அவள் ஒருத்திக்கே விழுந்துவிடும். அதையும் அவளுக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"ஆமா அத்தே," என்றேன்.